பிரதிபேதம்

பத்திரிகைகள் 'உருமாறிய கொரோனா' என்று எழுதின. தொலைக்காட்சியில் 'வேரியண்ட்' என்றார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. உருமாற்றம் என்றால் புழு பட்டாம்பூச்சியாவது போல ஏதோ ஒன்று மனசில் வருகிறது. வாஸ்தவத்தில் நடப்பது அவ்வளவு பெரிய காரியமல்ல. ஓர் ஏட்டைப் பார்த்து இன்னொரு ஏடு எழுதும்போது ஓர் எழுத்து மாறிப் போகிறது. இதற்கு நம்மிடம் ஏற்கனவே ஒரு சொல் உண்டு. உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளில் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், 'பிரதிபேதம்' என்று போட்டிருக்கும். பெரும்பாலான வாசகர்கள் நின்று பார்க்காமல் தாண்டிப் போகிற இடம் அது.

நோயை இலக்கியமாக்கும் உத்தேசம் எனக்கில்லை. நோயை உருவகமாக்கிப் பேசுவதால் நோயாளிக்கு இழைக்கப்படும் அநீதி பற்றி ஸூஸன் ஸாண்டாக் 1978லேயே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். நான் இங்கே பேசுவது உருவகம் பற்றி அல்ல. வைரஸின் வம்சாவளியைத் தேடுகிறவர்களும் ஏட்டுப் பிரதிகளின் வம்சாவளியைத் தேடுகிறவர்களும் பின்பற்றும் தர்க்கம் ஒன்றே. ஒருவரது கருவியை மற்றவர் கடன் வாங்கியும் இருக்கிறார்.

சார்ஸ்-கோவி-2 என்று பெயரிடப்பட்ட வைரஸின் ஜீனோம் ஏ, யு, ஜி, ஸி என்ற நாலே எழுத்துகளால் ஆனது. சீனாவில் ஸாங் யோங்ஸென்னின் குழு படித்து முடித்த பிரதியை, 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில், ஸிட்னி பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஹோம்ஸ் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டார். மொத்தம் 29,903 எழுத்துகள். அன்று தொட்டு, உலகில் எந்த நோயாளியிடம் எடுத்த வைரஸைப் படித்தாலும் இந்தப் பிரதியோடு ஒப்பிட்டே பேதங்களைக் குறிக்கிறார்கள். இதை மூலபாடம் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் படிக்கப்பட்ட பிரதி, அவ்வளவே. இதற்கு முந்திய பிரதிகளும் இருந்திருக்க வேண்டும். மூலபாடத்தின் மேல் நம் பண்டிதர்களுக்கு இருந்த மோகம் இங்கே பயன்படாது.

வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து தன்னை நகலெடுத்துக்கொள்ளும்போது பிழை நேர்கிறது. கொரோனா வகை வைரஸ்களிடம் மெய்ப்புப் பார்த்துத் திருத்தும் நொதி ஒன்று இருக்கிறது. இன்ஃபளுயன்ஸாவிடம் அது இல்லை. ஆகவே இதில் பிழைகள் குறைவு. இருந்தும், பரவிக்கொண்டு போகிற ஒரு கிளையில் சராசரியாக மாதத்துக்கு இரண்டு எழுத்துகள் மாறி, மாறியபடியே நின்றுவிடுகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விளைவு ஏதுமில்லை. சில மட்டும் ஸ்பைக் புரதம் என்கிற, வைரஸ் நம் செல்லைப் பற்றிக்கொள்ள உதவுகிற முள்ளில் போய் விழுகின்றன. 2020ன் ஆரம்ப மாதங்களில் 23,403ஆம் இடத்தில் ஏ போய் ஜி வந்தது. அந்த ஓர் எழுத்தால் ஸ்பைக் புரதத்தின் 614ஆம் கண்ணி மாறியது. சில மாதங்களுக்குள் உலகின் பெரும்பகுதியில் புதிய பாடமே நிலைத்து, பழைய பாடம் வழக்கொழிந்து போயிற்று.

கார்ல் லாஹ்மன் என்ற ஜெர்மானியரின் பெயரால் வழங்கும் ஒரு முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பதிப்பாசிரியர்களிடையே நிலைபெற்றது. அதன் சாரம் இது: இரண்டு பிரதிகள் சரியான பாடத்தில் ஒத்துப்போவதால் அவற்றின் உறவு பற்றி ஒன்றும் நிரூபணமாவதில்லை. இரண்டும் ஒரே பிழையைச் செய்திருந்தால் இரண்டுக்கும் தாய்ப்பிரதி ஒன்று என்று கொள்ளலாம். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாயப்பட்டறையிலிருந்து துணி லாட் லாட்டாகத்தான் வரும். கட்டிங் மாஸ்டர் ஒரு லாட்டை இன்னொன்றோடு கலக்கமாட்டார். கலந்துவிட்டால் உடம்பு ஒரு ஷேடும் கை ஒரு ஷேடுமாகப் பனியன் வந்து, செக்கிங்கில் மாட்டிக்கொள்ளும். நன்றாக ஏறிய சாயம் எந்தப் பட்டறையினுடையது என்று துணியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒரு லாட் முழுக்க ஒரே மாதிரித் திட்டு விழுந்திருந்தால், அது எந்தப் பட்டறையில் என்றைக்கு ஓடியது என்பதுவரை போய் நின்றுவிடலாம்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு சாஸரின் 'காண்டர்பரி கதைகள்' பரிச்சயம். அதில் பாத் நகரத்துப் பெண்மணியின் முகவுரைக்குப் பதினைந்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகள் 58 எஞ்சியிருக்கின்றன. உயிரியலாளர்கள் ஜீன்களின் கிளைவழியை வரையப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் முறையை இந்தப் பிரதிகளின் பேதங்கள்மேல் பிரயோகித்து ஒரு வம்சமரம் போட்டார்கள். 1998ல் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது. நான் கடன் என்று சொன்னது இதைத்தான். இருபது சொச்சம் வருஷம் கழித்து, அதே மரத்தைத் தினசரிப் பத்திரிகையில், நம் ஊர்ச் சாவுகளுக்குப் பக்கத்திலேயே, பார்க்கும்படி ஆயிற்று.

இனி என் விஷயம். ஏடுகள் எங்கே தப்பிப் பிழைத்தனவோ அந்த இடங்களை வைத்தே நம் பழைய இலக்கியம் அமைந்திருக்கிறது. மடங்களில் கிடைத்தன, கவிராயர்களின் வீடுகளில் கிடைத்தன. கிடைக்காத ஊரில் என்ன பாடம் ஓதினார்கள் என்று நமக்குத் தெரியாது என்பதோடு, அங்கே ஒரு பாடம் இருந்தது என்பதே நம் பிரக்ஞையில் இல்லை. வைரஸின் வம்சமரமும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. அது எங்கெல்லாம் பரவியது என்பதைவிட எங்கெல்லாம் படிக்கப்பட்டது என்பதையே அந்த மரம் காட்டுகிறது.

மத்திய அரசு 2020 டிசம்பரில் இன்ஸாகாக் என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தியது. நாடு முழுவதிலிருந்தும் வைரஸ் மாதிரிகளை வாங்கி ஜீனோமைப் படிப்பதற்காகப் பத்து ஆய்வகங்கள் அதில் சேர்க்கப்பட்டன. டில்லியில் இரண்டு, புனேயில் இரண்டு, ஹைதராபாத்தில் இரண்டு, பெங்களூரில் இரண்டு, புவனேஸ்வரத்தில் ஒன்று, வங்காளத்தின் கல்யாணியில் ஒன்று. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. தொற்று உறுதியானவர்களில் 5 சதவிகிதம் பேரின் மாதிரியைப் படிப்பது உத்தேசம். அந்த இலக்கின் பக்கத்தில்கூட அப்போது போக முடியவில்லை.

2021 மார்ச் 24 அன்று, மகாராஷ்டிராவில் எடுத்த மாதிரிகளில் கணிசமானவற்றில் இரண்டு குறிப்பிட்ட மாற்றங்கள் சேர்ந்து காணப்படுவதாக மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. 'இரட்டை மாற்றம்' என்று தலைப்புச் செய்தி வந்தது. இ484க்யூ, எல்452ஆர் என்பவை அந்த இரண்டும். பிற்பாடு நாட்டையே சுருட்டியடித்த கிளை, டெல்டா, இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அந்தக் கிளையில் இ484க்யூ இல்லவே இல்லை. தலைப்புச் செய்தி ஒரு பாடத்தைக் காட்டிக்கொண்டிருக்க, வேறொரு பாடம் ஊர் ஊராகப் பரவியது. ஏப்ரல் 6 அன்று இங்கே சட்டமன்றத் தேர்தல். மே மாதத்தின் கடைசி வாரத்தில் தினசரி எண்ணிக்கையில் கோவை சென்னையைத் தாண்டிவிட்டது.

அந்த வாரங்களில் குண்டடத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இருக்கிறது குண்டடம். மழை மறைவுப் பூமி, காற்றாலைகள், வாரச்சந்தை, விடிகாலையில் ஆட்களை ஏற்றிப் போகிற பனியன் கம்பெனி வண்டிகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்த மாதிரி ஆர்டி-பிஸிஆர் சோதனைக்குப் போகும். அந்தச் சோதனைக்குத் தெரிந்தது இருக்கிறது, இல்லை என்ற இரண்டு சொற்கள்தான். வைரஸின் சில பகுதிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லிவிடும். முழுப் பிரதியையும் படிக்க வேண்டுமானால் மாதிரியில் வைரஸ் போதுமான அளவு இருக்க வேண்டும். ஸிடி என்கிற எண் ஏறத்தாழ 30க்குக் கீழே இருந்தால்தான் படிப்பு சுத்தமாக வரும். பிறகு குளிர் கெடாமல் பெங்களூர் போக வேண்டும். அங்கே ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கி, சிறுசிறு துண்டுகளாகப் பெருக்கி, ஒவ்வொரு துண்டையும் பலமுறை படித்து, ஓரம் ஓரமாகப் பொருத்தி முழு ஏட்டையும் தேற்ற வேண்டும். செல்லரித்த சுவடியை அடுக்குகிற மாதிரியான காரியம். இத்தனையும் ஆகிப் பதில் வருவதற்குள் குண்டடத்துக்காரர் பிழைத்து எழுந்திருப்பார், அல்லது போய்ச் சேர்ந்திருப்பார்.

பெயர் விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பி.1.617 என்பது வாயில் நுழையாததால் பத்திரிகைகள் 'இந்திய வகை' என்றன. 2021 மே மாதத்தில் மத்திய அரசு இதை ஆட்சேபித்து, அப்படி எழுதியவற்றை நீக்கும்படி சமூக ஊடகக் கம்பெனிகளுக்குச் சொல்லியது. மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்தது. அரசின் ஆட்சேபம் நியாயமானது. அதே நியாயத்தைத் திருப்பூர் லைன் வீடுகளில் காணோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து எட்டுப் பேர் பத்துப் பேராக ஒரே அறையில் தங்கி வேலை செய்கிறவர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று இங்கே சொன்னோம். 2020 மே மாதம் சிறப்பு ரயில்களில் அவர்கள் ஊர் போய் இறங்கியபோது, தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று அங்கே சந்தேகப்பட்டார்கள். எங்கள் ஊர் வடுகநாதர் கோவிலில் ஒரு கதை சொல்வார்கள். மிளகு மூட்டை கொண்டுவந்த வியாபாரி, கிழவனாக வந்து கொஞ்சம் மிளகு கேட்ட சாமியிடம், மூட்டையில் இருப்பது பயறு என்று பொய் சொன்னான். சந்தையில் போய் அவிழ்த்தால் அத்தனையும் பயறு. பெயரை மாற்றினால் சரக்கும் மாறிவிடும் என்பது கோவில் கதையில் நடக்கும். 

ஒரு வகை முதலில் எங்கே படிக்கப்பட்டதோ அங்கேதான் பிறந்தது என்று நினைப்பது எவ்வளவு அபத்தம் என்பதற்கு ஒமிக்ரான் ஸ்தூலமான உதாரணம். 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா அதை உலகத்துக்கு அறிவித்தது. அங்கிருந்தவர்கள் கவனமாகவும் வேகமாகவும் படித்தார்கள் என்பதே அதற்குக் காரணம். சில நாட்களுக்குள் பல நாடுகள் அந்தப் பிரதேசத்திலிருந்து வரும் விமானங்களை நிறுத்தின. பின்னர் நெதர்லாந்தில் நவம்பர் 19 அன்றே எடுத்து வைத்திருந்த மாதிரியில் அதே ஒமிக்ரான் இருந்தது தெரியவந்தது. படித்துச் சொன்னவனுக்குத் தண்டனை என்றால், அடுத்த முறை யார் படிப்பார்கள்?

மேலே லாட் பற்றியும் ஷேடு பற்றியும் சொன்னதெல்லாம் நான் என் தாய்மாமனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். 2021 மே கடைசியில் கொரோனாவில் இறந்துபோனார். அவருடைய பையன் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தான். முதலில் இருமியவன் அவன். நாலு நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. இருவருக்கும் இருக்கிறது என்றே சோதனை முடிவு வந்தது. அவன் பிழைத்துக்கொண்டான்.

அந்த வருஷம் அக்டோபரில், கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்ற ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சோதனையில் உறுதியாகி 30 நாட்களுக்குள் இறந்திருந்தால் கொரோனா மரணம் என்று கணக்கு. பணம் வங்கிக் கணக்கில்தான் வரும் என்பதால், எங்கள் கவுன்டருக்கு அந்த மாதங்களில் அத்தகைய காகிதங்கள் நிறைய வந்தன. இறப்புச் சான்றிதழில் பெயரில் ஒரு 'ச்' இருக்கும், பாஸ்புத்தகத்தில் அது இருக்காது. இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும். இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பதே என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அத்தையும் அப்படி ஒரு கட்டோடு வந்தார். எழுதி முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்த டெஸ்டைப் பெரிய எடத்துக்கு அனுப்பிப் பாத்தா, யாருகிட்ட இருந்து யாருக்கு வந்துதுன்னு தெரிஞ்சுருமாமா கண்ணு? டிவியில சொன்னாங்கன்னு பையன் சொல்றான். ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கறான்."

டிவியில் சொன்னது பொய்யல்ல, பாதி. ஓர் ஊரில் இரண்டு வகைகள் ஓடிக்கொண்டிருந்து, அப்பனுக்கு ஒன்றும் மகனுக்கு வேறொன்றும் இருந்திருந்தால், இவனிடமிருந்து அவருக்குப் போகவில்லை என்று துணிந்து சொல்லிவிடலாம். பேதம் இருந்தால் உறவை மறுக்க முடியும். ஆனால் மாதத்துக்கு இரண்டு எழுத்து மாறுகிற ஒரு பிரதி, நாலு நாளில் ஒரு வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனால், பெரும்பாலும் 29,903 எழுத்தும் அப்படியே இருக்கும். அந்த வாரம் கம்பெனியில் அவர்கள் இருவரோடும் நின்றவர்களுடையதும் அநேகமாக அதுவாகவே இருக்கும். அட்சரம் பிசகாத இரண்டு ஏடுகளைக் கொடுத்து எதைப் பார்த்து எது எழுதியது என்று கேட்டால் சாமிநாதையராலும் சொல்ல முடியாது. தாய்க்கும் மகனுக்கும் முந்தி ஒரு மூன்றாவது ஏடு இருந்து, இரண்டுமே அதைப் பார்த்து எழுதியவையாகவும் இருக்கலாம்.

"தெரியாதுங்க அத்தை. எந்தப் பெரிய எடத்துலயும் அதை மட்டும் சொல்ல முடியாதுங்க" என்றேன். காரணத்தையும் பனியன் துணியை வைத்தே சொன்னேன். ஒரே லாட்டில் வந்த இரண்டு ரோல், எது முன்னால் ஓடியது என்று துணியில் தெரியாது. அது அவருக்கு உடனே விளங்கியது. மாமா வீட்டில் நாற்பது வருஷம் கேட்ட பாஷை.

"அப்ப அதையே அவங்கிட்டச் சொல்லிப்போடறேன்" என்றார்.

அவன் அதை முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. அதை எதிர்பார்க்கவும் முடியாது. நம் விமர்சன உலகில், ஒரு பிரதியில் எதையும் தீர்மானிக்க முடியாது என்று சொல்வது ஒரு சாமர்த்தியமாகிவிட்டது. அப்படிச் சொல்வதால் நாம் இழப்பது ஒன்றுமில்லை. அன்றைக்கு அதே வாக்கியத்தை ஒரு பெண்மணி மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். எது தீர்மானிக்க முடியாதது என்பதை, எங்கே எந்தக் காரணத்தால் முடியாது என்று சொல்லக்கூடியவன்தான் அந்த வாக்கியத்தைச் சொல்லத் தகுதியுள்ளவன் என்று இப்போது எனக்குப் படுகிறது.

ஜீனோம் கண்காணிப்பு போனவர்களுக்காக ஏற்பட்டதல்ல. இனி நோயில் விழப்போகிறவர்களுக்காக ஏற்பட்டது. ஒரு பிரதேசத்தில் வாராவாரம் மாதிரிகள் படிக்கப்பட்டால், இந்தக் கிளை போன வாரம் நூற்றுக்குப் பத்து, இந்த வாரம் முப்பது என்று விகிதம் ஏறுவது தெரியும். அந்த ஏற்றம்தான் எச்சரிக்கை. படுக்கைக்கும் ஆக்ஸிஜனுக்கும் ஏற்பாடு செய்ய அது சில வாரங்களை வாங்கித் தரும். மார்ச்சிலும் ஏப்ரலிலும் கொங்குப் பகுதியின் மாதிரிகள் அந்த வேகத்தில் படிக்கப்பட்டிருந்தால், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தெரிந்திராது. வருவது என்ன என்பது தெரிந்திருக்கும்.

2021 செப்டம்பர் 14 அன்று சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகத்தில், முழு ஜீனோமையும் படிக்கும் வசதியை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். சுமார் 4 கோடி ரூபாய்ச் செலவு. ஒரு மாநில அரசு தானே அமைத்தவற்றில் நாட்டிலேயே இது முதலாவது என்று சொல்லப்பட்டது. டெல்டா தன் காரியத்தை முடித்துக்கொண்டு போன பிறகு வந்தது என்பது வருத்தம்தான். அடுத்த அலைக்கு அது இருந்தது. டிசம்பரில் ஒமிக்ரான் வந்தபோது, 'எஸ் ஜீன் டிராப்' என்ற சொல் பேப்பரில் அடிபட்டது. மூன்று இடங்களைத் தொட்டுப் பார்க்கும் ஒரு சோதனையில், ஸ்பைக் ஜீனில் சில எழுத்துகள் விடுபட்டிருந்ததால் ஓரிடம் மட்டும் பதில் சொல்லவில்லை. பிரதியில் உள்ள ஒரு விடுபாடு வகையைக் காட்டிக் கொடுத்தது. முழுப் படிப்பு முடியும் முன்பே சந்தேகப்பட வேண்டியவர்களை இனம் காண முடிந்தது.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி முடிந்தது என்று அறிவித்தது. வைரஸ் தன் எழுத்து வேலையை நிறுத்தவில்லை. அந்த டிசம்பரில் கேரளத்தில் ஜேஎன்.1 கண்டறியப்பட்டது. இரண்டு வகைகள் ஒரே உடம்பில் கலந்து உண்டான கலப்புப் பாடங்களும் வந்துவிட்டன. இரண்டு ஏடுகளை மாறிமாறிப் பார்த்து எழுதியவன் விட்டுப்போகிற அதே சிக்கல். மரத்தின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இதற்கிடையில் சோதனை குறைந்துவிட்டது, மாதிரியும் குறைந்துவிட்டது. பெங்களூரில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் 28ல் எடுத்த நீரில் வைரஸைப் படித்துப் பார்த்திருக்கிறார்கள். யாருடைய மூக்கையும் தொடாமல் ஒரு நகரத்தையே படிக்கிற நல்ல வழி. பாதாளச் சாக்கடை இல்லாத குண்டடத்துக்கு அந்த வழியும் இல்லை. வீட்டுத் தண்ணீர் கொல்லை வாழைக்குப் போகிறது.

குண்டடம் போன்ற ஒன்றியங்களிலிருந்து மாதத்துக்குச் சில மாதிரிகள் தவறாமல் போனால் போதும் என்று நினைக்கிறேன். இது பெரிய செலவு அல்ல. அந்த மாதிரிகளைக் கொரோனாவுக்கு என்று மட்டும் படிக்க வேண்டியதும் இல்லை. இன்ஃபளுயன்ஸா இருக்கிறது, டெங்கு இருக்கிறது. நோய் வந்த பிறகு ஆய்வகம் கட்டுவதைவிட, நோய் இல்லாத மாதங்களிலும் படிக்கிற பழக்கத்தை வைத்துக்கொள்வது மேல். சாமிநாதையர் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்ததைக் கொண்டாடுகிற நாம், அவர்கள் போகாமல் விட்ட ஊர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

2025 மே மாதம் ஒரு செய்தி பார்த்தேன். என்பி.1.8.1 என்ற புதிய வகை இந்தியாவில் ஏப்ரல் மாதத்தில் படிக்கப்பட்டிருப்பதாக இன்ஸாகாக் தரவு சொன்னது. தமிழ்நாடு, ஒன்று. நான் படித்த செய்தியில் மாவட்டத்தின் பெயர் இல்லை. ஆளின் பெயர் நமக்கு வேண்டாம். ஊரின் பெயர் இருந்திருக்கலாம்.